விளக்குச் சொல் தட்டாதவர்

காரில் சாவியைத் திருப்பியவுடன் ஞானப்பிரகாசம் இரு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வார். முகப்புப் பலகையில் மின்னும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்வரை ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். "ஆயில் சரி... பேட்டரி சரி... பிரேக்கு சரி..." என்று ஜெபமாலை உருட்டுபவரைப்போல் முணுமுணுப்பார். ஒன்று அணையாவிட்டாலும் வண்டி நகராது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் படகை ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். "வெளக்கு நில்லுன்னா நிக்கணும். ஏன், எதுக்குன்னு கேட்டுக்கிட்டு இருந்தா, கப்பலு பாறையில ஏறிரும்லா?" என்பார்.

பாளையங்கோட்டையில் எங்கள் அடுத்த வீட்டுக்கு வந்து ஆண்டுகள் பல ஆகியும், சொந்தக் கடற்கரை ஊரான உவரி அவருடைய பேச்சை விட்டு நீங்கவில்லை. படகுக்குச் சொல்வதுபோலவே, காரின் முன்பகுதி அவருக்கு அணியம், பின்பகுதி அமரம். பின்னோக்கி எடுக்கும்போது, "அமரத்துல ஆரும் நிக்கியளா?" என்று தெருவைக் கேட்பார். "கடலு சும்மாதான் கெடக்கு, தாத்தா!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். அதற்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

அவருடைய கண்களில் பக்கப் பார்வை போய்விட்டது. நேரே இருப்பது மட்டும், குழாய் வழியே பார்ப்பதுபோல் தெரியும். இனி வண்டி ஓட்டவே கூடாது என்று கண் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "ரோடு நேராத்தான கெடக்கு? எனக்கும் நேராத்தான தெரியுது?" என்று அவரிடமே வாதாடிவிட்டு வந்தார். முருகன்குறிச்சியில், சைக்கிளில் சென்ற ஒரு பெண்ணை உரசிக் கீழே தள்ளியபோதும், அவள் எங்கிருந்தோ வந்து குதித்தாள் என்றே நம்பினார். அவருடைய மனைவி ரோசம்மாள் அழுது பார்த்தார், உண்ணாமலிருந்தும் பார்த்தார். ஞாயிறுதோறும் தம்பியைப் பார்க்க உவரிக்குத் தாமே ஓட்டிச் செல்வதை ஞானப்பிரகாசம் விடவில்லை. "போற தூரம் பூரா மாதாவக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கேன். அடுத்து எந்தப் பிள்ள மேல ஏறுமோ!" என்று ரோசம்மாள் என்னிடம் கலங்கினார்.

அதன்பின் ஒரு ஞாயிறு காலையில் முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று அணையாமல் எரிந்தது. பின்பக்கத்து இடச் சக்கரத்தில் காற்றுக் குறைவு. ஞானப்பிரகாசம் மறுபேச்சின்றி இறங்கி, உவரிப் பயணத்தை விட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். மறுநாள் காற்றடித்து, பேட்டையில் சிறிய பட்டறை வைத்திருக்கும் நூகுவிடம் கொண்டுபோனார். நூகு ரிம்மின் விளிம்பைச் சுரண்டித் துடைத்தார், வால்வை மாற்றினார். விளக்கு அணைந்தது. அடுத்த ஞாயிறு மீண்டும் எரிந்தது. அதற்கடுத்த ஞாயிறும் எரிந்தது. காற்றடித்துக்கொண்டு புறப்படலாமே என்று தம்பி தொலைபேசியில் சொன்னதற்கு, "எங்கன ஓட்டைன்னு தெரியாம கடல்ல எறங்குவியாலே நீ?" என்று அவரைத்தான் வைதார்.

சென்ற திங்களன்று ரோசம்மாள் துணைக்கு அழைத்ததால், பேட்டைக்கு நானும் உடன் சென்றேன். நூகு சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, பைய உருட்டினார். எல்லாரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழிகூட மேலே வரவில்லை.

"ஏலே நூகு, பொய்க்காவது ஒரு குமிழியக் காட்டுலே."

"இருந்தாத்தான அண்ணாச்சி காட்டுததுக்கு? டயரு நல்லாருக்கு. சென்சாரும் சரியாத்தான் சொல்லுது." நூகு வால்வின் வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "புதுசு மாட்டித் தந்தேன். அதுக்குள்ள நடுவுல இம்புட்டுக் கீறல். ஊசி கணக்கா எதையோ வச்சு அமுக்கி, காத்தத் தொறந்து விடுதாவ. தெருப் பயலுவ சேட்டையாத்தான் இருக்கும்."

ஞானப்பிரகாசத்தின் முகம் சிவந்தது. "எவம்லே அவன்? கையில கெடச்சாம்னா..."

"விடுங்க அண்ணாச்சி. பூட்டு வச்ச மூடி இருக்கு. சாவி இல்லாம ஒரு பய தொறக்க முடியாது."

"போடுலே! நாலு சக்கரத்துக்கும் போடு. வார ஞாயித்துக்கெழம உவரியில நிக்கேன் பாரு!"

"போடாதப்பா."

ரோசம்மாளின் குரல் அது.

"நான்தான். விடியுமுன்ன எந்திரிச்சி, கொண்டை ஊசிய வச்சு நான்தான் அமுக்குனேன்."

ஞானப்பிரகாசம் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். மனைவி அவருக்கு அகப்படவில்லை. உடம்பையும் சேர்த்துத் திருப்பிய பிறகே கண்டுகொண்டார்.

"ஏளா ரோசு... நீயா?"

"நான் சொன்னா கேக்க மாட்டீய. டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டீய. வெளக்கு சொன்னாத்தான கேப்பீய?"

ரோசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நூகு மூடிகளை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, சக்கரத்தைத் துடைத்து மாட்டினார்.

மாட்டி முடிந்ததும் ஞானப்பிரகாசம் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"வீடு வரைக்கும் கொண்டாந்து விடுவியாலே?"

"வாரேன், அண்ணாச்சி."

நூகுவின் கையில் சாவியை வைத்துவிட்டு, காரின்மேல் உள்ளங்கையை ஊன்றியபடியே சுற்றிவந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். ரோசம்மாளும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். நூகு வண்டியைக் கிளப்பினார். அந்த இருக்கையின் சீட் பெல்ட் இடத்தோளுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கைக்கே பழகிய ஞானப்பிரகாசத்தின் கையோ, அதைத் தேடி வலத்தோளுக்கு மேலேயே துழாவிக்கொண்டிருந்தது.