குரலின் மேல் ஏறி உட்காராமல்

தொண்ணூறுகளின் நடுவில், புலம்பெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில் பெட்டி அடைக்கும் ஒரு பக்டரியில் வேலை செய்தேன். அங்கே மெஷின் திருத்தும் வெள்ளைக்காரர் ஒருவர் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர். டிசம்பரில் பக்டரியில் நடந்த நத்தார் விருந்தில் என் மாண்டலினைக் கேட்டுவிட்டு, ஞாயிறு மத்தியானங்களில் பிக்கரிங்கில் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அவருடைய மனைவி கிற்றார் வாசித்துக்கொண்டே பாடுவாள். மைத்துனர் ஆளுயரப் பேஸ் வாத்தியத்தை மீட்டுவார். அமெரிக்க மலைப்பக்கத்துப் பாட்டு, புளூகிராஸ் என்றார்கள். மாண்டலினுக்குத்தான் ஆள் இல்லை.

யாழ்ப்பாணத்தில் பதினைந்து வருடம் பாட்டுக்காரருக்குப் பின்னால் இருந்து வாசித்தவள் நான். பாடுபவர் எங்கே வளைந்தாலும் நானும் வளைவேன். அவர் மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியை நிரப்புவேன். பாஞ்சோக்காரரின் மனைவியுடைய பாட்டையும் அப்படியே விடாமல் தொடர்ந்தேன். மெச்சப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன், வேறென்ன! மூன்றாம் ஞாயிறு அவள் பாட்டைப் பாதியில் நிறுத்தினாள்.

"நீ என் குரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாய். கோடையில் நாங்கள் மேடை ஏறப்போகும் தெரு விழாவிலும் இப்படித்தான் வாசிப்பாய் என்றால் நாங்கள் வேறு ஆளைப் பார்க்க வேண்டும்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மாண்டலினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பாஞ்சோக்காரர்தான் சமாதானமாக விளக்கினார். இந்த இசையில் மேளம் கிடையாது, அதனால் மாண்டலின்தான் மேளம். அவள் பாடும்போது நான் தந்திகளை அமத்தி, தாளத்தின் இடையில் 'டக்' என்று ஒரு வெட்டு வெட்ட வேண்டும். மெட்டு வாசிக்க எனக்கென்று ஒரு முறை வரும், அப்போது மைக்குக்குக் கிட்டப் போகலாம்.

வெட்டவா இவ்வளவு காலம் படித்தேன் என்று வீடு வரும்வரை பொருமினேன். ஆனாலும் விட மனம் வரவில்லை. இந்த ஊருக்கு வந்த பிறகு பெட்டிகளைத் தவிர என் கைக்கு வேறு வேலை கொடுத்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

கோடை வரும்வரை வீட்டில் டக், டக் என்று பழகினேன். என் கணவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.

"உதென்ன, மரக்கறி வெட்டுறீரோ?"

"ஓம். பேசாமல் இருங்கோ, இல்லாட்டி உங்களையும் சேர்த்து வெட்டுவன்."

விழாவில் நாலு பேரும் ஒரே மைக்கைச் சுற்றி நின்றோம். அவள் பாடப் பாட என் விரல்கள் அவளுக்குப் பின்னால் ஓடத் துடித்தன. இழுத்துப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தேன். பாட்டின் நடுவில் அவள் விலகி, தலையசைத்து என்னை முன்னுக்கு வரச் சொன்னாள். பாடுபவருக்கு முன்னால் போய் நிற்பதா என்று கால் கூசியது. முழங்கையால் மெல்ல இடித்தாள். போனேன்.

நான் தொடங்கியதும் பாஞ்சோ அடங்கியது, பேஸும் அடங்கியது. அவளுடைய கிற்றார் மட்டும் மெதுவாகத் தாளம் போட்டது. ஒருவரும் என் மேல் ஏறி உட்காரவில்லை. ஒரு மேடையில் எனக்காக மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்தது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் கண் கலங்கி, ஒரு சுரம் பிசகியது. போகட்டும்.

அவர்களோடு பிறகு ஐந்து கோடை மேடை ஏறினேன். ஆனால் மனதில் நிற்பது அந்த முதல் நாள்தான். விழா முடிந்து காரில் ஏறியதும் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"கலியாணத்துக்கு முந்தி உம்மடை கச்சேரியள் எத்தினையோ பாத்தனான். ஆர் ஆர் பாடினவை எண்டு இப்பவும் ஞாபகம் இருக்கு" என்றார். "உம்மடை வாசிப்பை இண்டைக்குத்தான் கேட்டனான்."