சோயா இல்லாமல் பெங்களூரில் ஆறு நாள்

இந்த ஆண்டு, 2008 பிப்ரவரியில், தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் போய் ஆறு நாள் தங்கிவிட்டு வந்தேன். எனக்கு வயது எழுபத்திரண்டு. நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். சோயா துளியும் படாமல், உடம்புக்கு வேண்டிய புரதமும் குறையாமல், வெளியூரில் என் சாப்பாட்டை நானே பார்த்துக்கொள்ள முடியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம். சோயா ஒத்துக்கொள்ளாத யாராவது பெங்களூர் போவதாக இருந்தால் இது பயன்படலாம். பயன்படாமலும் போகலாம். எதையும் அடித்துச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

விஷயம் போன தவக்காலத்திலேயே தொடங்கியது. என் மகன் அந்தோணி மர்பி டவுனில் குடியிருக்கிறான். அவன் வீட்டில் அந்த நாற்பது நாளும் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. அதை ஈடுகட்ட மருமகள் ஸ்டெல்லா சோயா உருண்டை வாங்குவாள். மீல் மேக்கர் என்று கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள். குருமாவில் அது, பிரியாணியில் அது. அங்கே இருந்தபோதுதான் முதன்முதலில் எனக்கு உதடு தடித்து, கையெல்லாம் திட்டுத் திட்டாக எழும்பியது. நம் பக்கத்தில் அரிப்பு என்றால் பழி கத்தரிக்காய்மேல்தான். ஊருக்கு வந்து ஐந்து மாதம் கத்தரிக்காயைத் தொடவில்லை. சத்துக்கு நல்லது என்று சோயா உருண்டையை மட்டும் விடாமல் வாங்கிச் சமைத்தேன். படித்தவன் செய்த வேலை இது.

கடைசியில் டாக்டர் கண்டுபிடித்துச் சோயாவை நிறுத்தினார். அதற்குள் எடை நான்கு கிலோ குறைந்து, காலில் வீக்கமும் வந்திருந்தது. பயறு, பருப்பு, பால், கடலை எதையும் குறைக்கக் கூடாது என்றும் சொல்லியனுப்பினார். இது தெரிந்ததும் அந்தோணி போனில் பிடித்துக்கொண்டான். தனியாக இருந்தது போதும், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வந்துவிடுங்கள் என்றான். ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தான். நான் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. அன்று மட்டும் எப்படியோ வாய் வந்துவிட்டது. ஆறு நாள் உன் ஊருக்கு வருகிறேன், என் சாப்பாட்டை நானே பார்த்துக்கொள்கிறேன், ஒரு தடிப்பு வந்தாலும் அங்கேயே தங்கிவிடுகிறேன், வராவிட்டால் என் வீட்டுப் பேச்சை எடுக்காதே என்றேன். சரி என்றான்.

புதன்கிழமை காலை 6.20க்கு பாசஞ்சர் வண்டி. பெங்களூர் கன்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கும்போது 9.40. டிக்கெட் இருபத்து நான்கு ரூபாய். கையில் அவித்த கொண்டைக்கடலை, வறுத்த வேர்க்கடலை, சர்வே வேலையில் அளவு குறித்தது போலச் சாப்பிடுவதைக் குறித்துவைக்க ஒரு களப்புத்தகம். பங்காருப்பேட்டைக்குள் கடலை தீர்ந்துவிட்டது. இன்னொரு பொட்டலம் கட்டியிருக்க வேண்டும். அங்கிருந்து மர்பி டவுனுக்கு ஆட்டோவில் முப்பத்தைந்து ரூபாய் ஆயிற்று.

அன்று மாலையே அல்சூர் மார்க்கெட்டுக்கு நடந்தேன். வீட்டிலிருந்து என் நடையில் இருபத்திரண்டு நிமிடம். பெங்களூரில் சோயாவுக்கு மாற்று தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அவரைக்கொட்டையைத்தான். சீசன் முடிகிற நேரம் என்றாலும் கிடைத்தது. கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பை அளந்து விற்கிறார்கள். நம் ஊரில் பிதுக்கு பருப்பு என்கிறோமே, அதுதான். ஒரு படி வாங்கினேன். ஸ்டெல்லா அதில் வைத்த குழம்பு, கறிக்குழம்பு இல்லையே என்று யாரையும் நினைக்கவிடவில்லை. அந்தோணியே இரண்டு முறை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டான். நான் களப்புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சிவாஜிநகர். பஸ்ஸில் ஆறு ரூபாய். மார்க்கெட்டில் கொள்ளு, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை எல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. பஸ் நிலையத்தின் எதிர்ச்சந்தில் ஒரு சின்ன ஓட்டலுக்குப் போனேன். வெஜிடபிள் பிரியாணி என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள், பாதிக்குப் பாதி சோயா உருண்டைதான். சப்பாத்தியும் கடலைக் குருமாவும் கேட்டேன். மாவில் என்ன சேர்க்கிறீர்கள், எண்ணெய் சோயா எண்ணெயா என்று கேட்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. கல்லாவில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சோயா எண்ணெயா? பாமாயில் பெரியவரே, ரேஷன் பாமாயில். அத்தவிட மட்டமா ஒண்ணு இருந்தா சொல்லுங்க, நாளைக்கே மாத்திடறேன்."

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மாவு டப்பாவையே எடுத்துவந்து காட்டினார், வெறும் கோதுமைதான். சாப்பிட்டேன். பால்கடையில் இருநூறு கிராம் பன்னீர் வாங்கிக்கொண்டு திரும்பினேன். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

வெள்ளிக்கிழமை ஸ்ரீராம்புரம் போவதாகத் திட்டம். அங்கே ஒரு மெஸ்ஸில் களி உருண்டையும் கொள்ளுச் சாறும் நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். காலை 7.30க்கு வீட்டில் ராகிக் கஞ்சி குடித்துவிட்டு 8.15க்குக் கிளம்பினேன். மெஜஸ்டிக்கில் பஸ் மாறும்போது மணிக்கட்டு அரித்தது. கொசுவாக இருக்கும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். ஸ்ரீராம்புரத்தில் இறங்கும்போது முழங்கைவரை தடித்திருந்தது. மெஸ் வாசலில் நின்று பலகையைப் படித்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தோணி வேலையிலிருந்து வந்து கையைப் பார்த்தான். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கண்ட ஓட்டல்ல சாப்ட்டா இப்டித்தான்பா ஆவும். பெட்டியில இருக்கிற துணிய எடுத்து பீரோவுல வெச்சிடுங்க. வாடகைக்கு வர்றவங்ககிட்ட நான் பேசறேன்."

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஒப்புக்கொண்டது நான்தானே. வாழ்க்கை முழுக்க, யாராவது உறுதியாகப் பேசினால் என் அளவில்தான் தப்பு இருக்கும் என்று நினைத்தே பழகியவன். ஆனால் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. நிலத்தைச் சுற்றி அளந்து கணக்கு உதைத்தால், தொடங்கிய கல்லுக்கே திரும்பி வந்து ஒவ்வொரு கோடாகப் பார்க்க வேண்டும். களப்புத்தகத்தை எடுத்தேன். வெள்ளிக்கிழமை ஓட்டலில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வியாழன் இரவு சாப்பிட்ட பன்னீர், அன்று மாலையே சாப்பிட்டு ஒன்றும் ஆகாததுதான். மிச்சம் கஞ்சி ஒன்று. அதையும் மூன்று நாளாகக் குடிக்கிறேன்.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு மாவைப் பற்றிக் கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "சத்தியமா மாமா, நீங்க வர்றீங்கன்னு சோயா பாக்கெட்ட வீட்டை விட்டே அனுப்பிட்டேன். சுத்தமான ராகி. நேத்து சாயந்திரம்தான் மெஷின்ல கொடுத்து அரைச்சேன்."

நேற்று சாயந்திரம். அதாவது வெள்ளிக்கிழமைக் கஞ்சி புது மாவு. உனக்கு முன்னால் யார் அரைத்தார்கள் என்று கேட்டேன். ஒரு அக்கா சத்துமாவு அரைத்துவிட்டுப் போனார்கள் என்றாள். சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. சத்துமாவில் எல்லாரும் வறுத்த சோயா சேர்க்கிறார்கள். மெஷினிலும் துணிக்குழாயிலும் ஒட்டியிருப்பது அடுத்தவர் மாவோடு வந்துவிடும். ஊரெல்லாம் விசாரித்தவன், வீட்டு மாவை விசாரிக்கவில்லை.

அந்தோணி நம்பவில்லை. ஒரு பிடி மாவுக்கெல்லாம் இப்படி ஆகுமா என்றான். எனக்கே சந்தேகம்தான். அளந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன்.

சனிக்கிழமை காலை இரண்டு கிலோ ராகியை வீட்டிலேயே கழுவிக் காயவைத்தோம். சாயந்திரம் நான் மட்டும் மெஷினுக்குப் போனேன். மூன்றாவது தெருவில் ஒற்றை அறை, ஒரே மெஷின், வரிசையில் ஏழெட்டுப் பெண்கள். உள்ளே போய்ச் சொல்லத் தைரியமில்லாமல் வாசலிலேயே நின்று சொன்னேன். நாளைக் காலை மெஷினைத் துடைத்து, என் ராகியை முதலில் போட வேண்டும், முதலில் வரும் ஒரு பிடியைத் தள்ளிவிட வேண்டும், மற்றவர் மாவு இதில் சேரக்கூடாது என்றேன்.

வரிசையில் முன்னால் இருந்த ஒரு அம்மாள் தலையைத் திருப்பினார்.

"இன்னா பெரியவரே, எங்க மாவு ஒட்டிச்சுன்னா உங்களுக்குத் தீட்டா? மர்பி டவுன்ல வந்து இத்த கேக்கறீங்களா?"

தீட்டு என்று ஊர் ஒதுக்கிவைத்த எங்கள் ஆட்களே வந்து குடியேறிய தெருவில் நின்று என்ன வார்த்தை சொல்லிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேள்வியை என் அப்பாவும் கேட்டிருப்பார், கேட்கும் நியாயமும் அவருக்கு இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித் திரும்பியிருப்பேன். அதுதான் என் சுபாவம். திரும்பினால் பெட்டித் துணி பீரோவுக்குப் போகும். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து வெளிச்சத்தில் நீட்டினேன். தடிப்பு இன்னும் அடங்கியிருக்கவில்லை.

"தீட்டில்லம்மா. நான் அந்தோணி அப்பா. சோயா பட்டா எனக்கு இப்படி ஆவுது. முந்தாநாள் அரைச்ச மாவுல யாரோட சத்துமாவோ கலந்துடுச்சு. நாளைக்கு முதல் ஆளா நிக்கிறேன். அது மட்டும் போதும்."

அந்த அம்மாள் கிட்டே வந்து கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இத்த மொதல்லயே காட்றதுக்கு இன்னா?" என்று என்னைத் திட்டினார். முந்தாநாள் சத்துமாவு அரைத்தது தான்தான் என்று பிறகு மெதுவாகச் சொன்னார். மெஷின்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் ஆறரைக்குத் திறப்பேன், வாருங்கள் என்றார்.

ஆறேகாலுக்குப் போய் நின்றேன். அவர் துணிக்குழாயைக் கழற்றி உதறித் துடைத்தார். முதல் பிடி அல்ல, முதல் கால் கிலோவையே தள்ளினோம். பூசை முடிந்து வந்து, அந்தோணி எதிரில் உட்கார்ந்து இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தேன். ஒன்று போதும், மாமா என்றாள் ஸ்டெல்லா. இரண்டாவதையும் ஊற்றச் சொன்னேன். மணி 10.10. பதினோரு மணி ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. அந்தோணி நாளிதழைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றரை மணிக்கு இதழை மடித்துவைத்துவிட்டு, ஸ்ரீராம்புரம் மெஸ் ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று கேட்டான்.

இருவரும் போனோம். மெஸ்காரர் மூட்டைக் கணக்கில் ராகி வாங்கித் தன் சொந்த மெஷினில் அரைக்கிறார். இந்த முறை வாசலில் நிற்காமல் உள்ளே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். களி, கொள்ளுச் சாறு, முளைகட்டிய பயறுப் பொரியல், ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும். அந்தோணி மென்றுவிட்டு முழித்தான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பேக்கரிப் பண்டங்களில் சோயா மாவு சேர்க்கிறார்கள், கேட்காமல் வாங்காதீர்கள். கொள்ளு, அவரை, கொண்டைக்கடலை, பன்னீர் இந்த நான்கும் பெங்களூரில் எங்கும் கிடைக்கும். தவக்காலம் இல்லையென்றால் முட்டையும் மீனும் இருக்கின்றன. சிலருக்கு வேர்க்கடலையும் ஒத்துக்கொள்ளாது, டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை கையிலேயே இருக்கட்டும். மூச்சு இழுத்தால் மாத்திரையை நம்பி உட்காராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தங்குகிற வீட்டு மாவு எங்கே அரைத்தது, முன்னால் யார் அரைத்தது என்று முதல் நாளே கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். காபியில் சர்க்கரை இல்லை என்றுகூட யாரிடமும் சொல்லாதவன் நான், நானே கேட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை மதிய வண்டியில் ஏறினேன். ஒரு தடிப்பு வந்தது உண்மை, ஒப்பந்தப்படி நான் தோற்றவன்தான். அதை பிளாட்பாரத்தில் அந்தோணியிடம் நானே சொன்னேன். அவன் மாவுப் பையை ஜன்னல் வழியாக மடியில் வைத்துவிட்டு, வாடகைக்கு வருவதாக இருந்தவர்களிடம் காலையிலேயே வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன் என்றான். 5.50க்கு ஜோலார்பேட்டையில் என் வீட்டுப் பூட்டைத் திறந்து, ஒரு டம்ளர் கொள்ளை ஊறப்போட்டேன்.