மாமா பாராட்டாத பின்வரிசை

எங்கள் மாமா வாய்திறந்து பாராட்டிய எந்தப் பின்வரிசையும் அந்த ஆண்டு உருப்பட்டதில்லை. இது என் கண்டுபிடிப்பு அல்ல. ஜேர்மனியின் மேற்குப் பக்கத்தில் கோடைக்கால ஞாயிறுகளைக் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் நின்று தொலைத்த தமிழர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஊரின் பெயரில் ஒன்று, பள்ளிக்கூடத்தின் பெயரில் ஒன்று, பழைய கழகத்தில் சண்டை பிடித்துப் பிரிந்ததால் இன்னொன்று என்று எங்கள் ஆட்களிடம் கழகங்களுக்குக் குறைவே இல்லை. அவற்றைப் பிரிவு பிரிவாக வகுத்து விளையாட விடுவார்கள். எங்களுடையது மேற்குப் பிரிவு. போட்டிகள் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை, இணைய வானொலி ஒன்றில் இந்த முறை எந்த அணி எப்படி என்று ஆருடம் சொல்லும் நிகழ்ச்சி நடக்கும். கோல் அடிக்கிறவர்களைப் பற்றிப் பேச ஊரில் எல்லோருக்கும் வாய் இருந்தது. பின்னுக்கு நின்று மறிக்கிறவர்களைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் மாமாவைக் கூப்பிட்டார்கள். அவர் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் பின்வரிசையில் நின்றவர்.

மாமா அம்மாவின் அண்ணன். கெல்சென்கிர்ச்சனில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் தனியாக இருந்தார். பாண் சுடுகிற தொழிற்சாலை ஒன்றில் விடியும் முன்பே தொடங்குகிற வேலை. அதனால் பகலில் எந்த நேரம் பார்த்தாலும் அவர் கண்ணில் நித்திரை தொங்கிக்கொண்டிருக்கும். வானொலியிலும் கொட்டாவியை விழுங்கி விழுங்கித்தான் பேசுவார். ஒவ்வொரு வசனத்துக்கும் இடையில் அவர் விடுகிற இடைவெளியை ஆழ்ந்த யோசனை என்று சனம் எடுத்துக்கொண்டது.

ஒரு வருடம் அவர் ஓர் அணியின் பின்வரிசையைத் தாராளமாகப் புகழ்ந்துவிட்டார். அதில் ஒருவனுக்கு மியூனிக்கில் தொழிற்பயிற்சி கிடைத்து அவன் போய்விட்டான். இன்னொருவன் மைதானத்தில்கூட அல்ல, தன் வீட்டுப் படியில் சறுக்கிக் காலை முறித்தான். மூன்றாமவன் கலியாணம் கட்டினான். அடுத்த வருடம் அவர் புகழ்ந்த அணி, தலைவர் பதவிக்காக அடிபட்டு இரண்டு கழகமாக உடைந்தது. அதோடு கதை பரவிவிட்டது. மாமாவின் வாய் பொல்லாதது, அவர் நல்லது சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்றார்கள். இந்த நாட்டில் கணினி நிரல் எழுதுகிறவர்களும் பல் பிடுங்குகிறவர்களும்தான் இதைச் சொன்னார்கள்.

அதன்பிறகு நிகழ்ச்சிக்கு முந்திய வாரம் மாமாவின் கைபேசி ஓயாது. தங்கள் பிள்ளைகளைப் புகழ்ந்துவிட வேண்டாம் என்று ஒவ்வொரு கழகத்திலிருந்தும் மரியாதையாகக் கெஞ்சுவார்கள். "எங்கட பின்பக்கம் சரியான மோசம் எண்டு சொல்லிவிடுங்கோ அண்ணை" என்று ஒருவர் சொன்னது எனக்கே கேட்டது. மாமாவுக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. "நான் பந்தைப் பார்த்துச் சொல்லுறன். இவையள் என்ர வாயைப் பாக்கினம்" என்பார். ஆனால் வேலையால் வந்து படுக்கப் பார்க்கிற மனிதர் எத்தனை பேரோடு வாதாடுவார்? கடைசியில் களைத்துப்போய் வானொலியில் எல்லா அணிகளையும் ஏசத் தொடங்கினார்.

எங்கள் சனம் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது. மாமா எந்தப் பின்வரிசையை அதிகமாகக் கிழிக்கிறாரோ அதுதான் அந்த வருடத்தின் சிறந்த பின்வரிசை என்று தலைகீழாக வாசிக்கப் பழகிக்கொண்டார்கள். ஏச்சு வாங்கிய பெடியனின் தகப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவார். மாமா ஒருத்தனை மரக்கட்டை என்றார் என்பதற்காக அவன் வீட்டில் கேசரி கிண்டியதாகக்கூட ஒரு கதை இருந்தது. நான் அதை நம்பினேன். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

அண்ணா முதல்முறையாகப் பெரியவர்களின் அணியில் இடம் பிடித்தது அந்தக் கோடையில்தான். அவனும் பின்வரிசை, அதுவும் நட்டநடுவே நிற்கிற இடம். மாமா நின்ற அதே இடம் என்பதால்தான் அதைக் கேட்டு வாங்கினான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் அதைப் பேசியதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களும் மைதானத்தில் பயிற்சியாளரும் எடுத்ததற்கெல்லாம் அவனைச் சூப்பர் என்பார்கள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். மாமா வானொலியில் தன்னை நாலு பேர் கேட்க ஒரு கிழி கிழிக்க வேண்டும், அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். என்ன சொல்லி ஏசுவார் என்று கூட்டாளிகளோடு பந்தயம்கூடக் கட்டியிருந்தான்.

நிகழ்ச்சிக்கு முதல்நாள் பின்னேரம் அம்மா இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனார். சொதிச் சட்டி என் கையில். மாமா வேலை உடுப்போடு கதிரையில் சாய்ந்திருந்தார். மேசையை ஒதுக்கி இடியப்பத்தை வைத்த அம்மா, உடனே கிளம்பவில்லை.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன், பிழையா நினையாதேங்கோ. நாளைக்கு இவனைப் பற்றி ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ."

"புகழ மாட்டன், பயப்படாதை. நல்லா ஏசிவிடுறன்."

"ஏசவும் வேண்டாம். நீங்கள் ஏசினாலும் சனம் அதைப் புகழ்ச்சி எண்டுதானே எடுக்குது. அவன்ர கால் கையைப் பாக்க எனக்குப் பயமாக் கிடக்கு."

மாமா சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "நீயும் இதை நம்புறியோ?" என்று கேட்டார்.

"நான் நம்பேல்லை. ஆனா ஏன் வீணா?"

"அவன் நல்லா விளையாடுறான், பிள்ளை" என்றார் மாமா. அதை அவர் அப்படி வெளிப்படையாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். நாவூறு படாமலிருக்க மரத்தில் தட்டுகிற இந்த நாட்டு வழக்கப்படி அம்மா அவசரமாகக் கதவு நிலையைத் தட்டினார். மாமா கண்ணை மூடிக்கொண்டு, "சரி, நீங்கள் போங்கோ. நான் படுக்கவேணும்" என்றார்.

படியிறங்கி வரும்போது எனக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. பாராட்டு ஒரு படி, ஏச்சு அதற்கு மேல்படி, அதற்கும் மேலே ஒன்றுமே சொல்லாமல் விடுவது என்று ஒரு படி இருக்கிறது, அதில் அண்ணாவை ஏற்றப் போகிறார்கள் என்று என் மூளை கணக்குப் போட்டது. வீட்டில் அண்ணா உட்பட எல்லோருக்கும் தெரிந்த விடயம்தானே என்று நான் அதைப் பற்றி ஒருவரிடமும் கதைக்கவில்லை.

மறுநாள் அண்ணா கைபேசியை மேசை நடுவில் வைத்து, கூட்டாளிகள் இரண்டு பேரைச் சோபாவில் இருத்தினான். அம்மா குசினியில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். மாமா கொட்டாவிகளுக்கு நடுவே மேற்குப் பிரிவை ஒவ்வோர் அணியாக எடுத்துக் கிழித்துக்கொண்டு வந்தார். ஓர் அணியின் இடப்பக்கம் கடைக்குப் போய்ப் பாணும் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற அளவுக்குத் திறந்து கிடக்கிறது என்றார். சோபாவில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணா சிரிக்கவில்லை, முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கள் அணி வந்தது. கோல் காக்கிற கோலி நித்திரை கொள்ளுகிறார், வலப்பக்கம் ஓட்டை என்றார். பிறகு அவருடைய வழக்கமான இடைவெளி. "நடுவில நிக்கிறவரைப் பற்றிச் சொல்ல ஒண்டுமில்லை."

அறிவிப்பாளர் விடவில்லை. "உங்கட மருமகன் எல்லோ அண்ணை அதில நிக்கிறார்?"

"ஓம். சொல்ல ஒண்டுமில்லை" என்றார் மாமா. அடுத்த அணிக்குப் போய்விட்டார்.

குசினியில் அம்மா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் ஆசையோடு அண்ணாவின் முகத்தைப் பார்த்தேன். அவன் கையை நீட்டிக் கைபேசியை நிறுத்தினான். கூட்டாளிகள் றோல்ஸுக்கும் நிற்காமல் சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தக் கோடை முழுதும் அண்ணா விளையாடிய விளையாட்டைப் பற்றி இன்றும் ஆட்கள் சொல்வார்கள். அவனைத் தாண்டிப் பந்து போனதை நான் அரிதாகத்தான் கண்டேன். ஆனால் முன்பு போல மைதானத்தில் கத்துவதில்லை, கூப்பிடுவதில்லை, வாய்மூடி விளையாடினான். மாமா வேலை முடித்த கையோடு வந்து, மழையென்றால் குடையைப் பிடித்துக்கொண்டு, மைதான மூலையிலுள்ள கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பார். அண்ணா அவரைக் கடந்து போவான், நிற்க மாட்டான். இடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழா வந்தது. ஒலிபெருக்கியும் மேளமும் சனக்கூட்டமும் அலைமோதுகிற இடத்தில் அம்மா அண்ணாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஐயருக்குக் கேட்க வேண்டும் என்று உரத்துக் கத்தி அர்ச்சனை செய்தார். மாமா எங்களுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் எதுவும் இல்லை, வழக்கமான களைப்புத்தான்.

கடைசிப் போட்டி நல்ல மழையில் நடந்தது. எங்கள் அணி கோல் எதுவும் வாங்காமல் வென்றது. எல்லோரும் கூடாரத்துக்குள் ஓடினார்கள். அண்ணா மட்டும் சேறு வடிய வடிய நேரே கொடிக்கம்பத்தடிக்கு வந்தான். அங்கே மாமாவின் குடைக்குள் அம்மாவும் நானும் நின்றோம்.

"மாமா, நான் எப்பிடி?" என்று கேட்டான்.

அவன் அப்படிக் கேட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை. மாமாவின் வாய் திறந்தது. அம்மா தலையை மெல்ல ஆட்டினார். அடுத்த வருடமும் அவன் விளையாடப் போகிறான், கால் கை இன்னும் அவனிடம்தான் இருக்கிறது, ஆகையால் அம்மாவின் கணக்கில் ஆபத்து முடியவில்லை. மாமா தங்கையைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். பிறகு குடையை அவன் தலைக்கு மேலே நகர்த்திப் பிடித்தார். அவருடைய முதுகு முழுதும் நனைந்தது.

"சப்பாத்தைக் கழட்டு தம்பி, காலெல்லாம் ஈரம்" என்றார்.

அண்ணா குனிந்து அங்கேயே கழற்றினான். அதன்பிறகு அவன் விளையாடவில்லை. படிப்பு என்று கார்ல்ஸ்ரூஹே போனான், இப்போது அங்கேயே வேலை. அடுத்த வருடம் மாமாவும் வானொலிக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு வேலைக் களைப்பு என்றார், அது பொய்யும் அல்ல. அண்மையில் தொலைபேசியில் எதையோ கதைக்கப் போய், மாமாவுக்குத் தன் விளையாட்டில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லைத்தானே என்று அண்ணா சாதாரணமாகச் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடியப்பத்தையும் சொதியையும் அம்மா கேட்டதையும் மாமா சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.  "ஓ, அப்பிடியோ" என்றான் அவன். கோபம் இல்லை. வேலையால் அப்போதுதான் வந்திருந்தான், குரல் அப்படியே மாமாவின் குரலாக இருந்தது.

அன்று மைதானத்திலிருந்து அந்த ஈரச் சப்பாத்துகளை நான்தான் காருக்குக் கொண்டுபோனேன். முன்னால் அண்ணா வெறும் காலுறையோடு தனியாக நடந்தான். குடையை நீட்டிப் பிடித்தபடி மாமா அவனுக்குப் பின்னால் எட்டி எட்டி நடந்தார். ஏச்சுக்கும் மேல்படியில் எவ்வளவு பெரிய பதில் இவனுக்குக் கிடைத்துவிட்டது, எனக்கு ஒருவரும் இப்படிச் சொல்வதில்லையே என்று, மாமாவின் நனைந்த முதுகைப் பார்த்துக்கொண்டு வழி முழுதும் பொறாமைப்பட்டேன்.