மூன்றாம் இரவுக்கு ஒரு வயிற்றுவலி

போன கிழமை இந்த வரிக் கேள்வி-பதில் பத்தி வரவில்லை. காரணம், நான் செத்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹாலிஎலயில் இரண்டு பராட்டாவும், போதாதென்று ஒரு ரோல்ஸும் சாப்பிட்டுவிட்டு பதுளை பஸ்ஸில் ஏறினேன். இரண்டு வளைவு தாண்டவில்லை... வலது பக்க வயிற்றில் பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் என்ன செய்வார்கள்? டொக்டரைத் தேடுவார்கள். நான் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் யோகராஜாவுக்கு ஃபோன் பண்ணினேன். சாவதாக இருந்தாலும் ஒரு ஒழுங்குமுறை வேண்டாமா?

"அண்ணே, பிரைவேட்டுக்குப் போனா முதல் அம்பதாயிரம் உங்க கையிலருந்து. அதுக்கு மேல வந்தாத்தான் கம்பெனி குடுக்கும்," என்றான்.

"அதுக்கு மேல வராட்டி?"

"வராட்டி சந்தோஷம்தானேண்ணே. பெரிய வருத்தம் இல்லன்னு அர்த்தம்."

டிடக்டிபிள் என்றால் என்ன என்று கேட்டு எழுதும் வாசகர்களே, இதுதான் அது. மழைக்குக் குடை பிடிக்கக் கம்பெனி வரும். ஆனால் முதலில் நீங்கள் முழங்கால் வரை நனைந்திருக்க வேண்டும்.

"அரசாங்க ஆஸ்பத்திரியில படுத்தா ராத்திரிக்கு இவ்வளவுன்னு கம்பெனி கைக்காசு குடுக்கும்," என்றான் யோகராஜா. "ஆனா முதல் ரெண்டு ராத்திரி கணக்குல வராது. மூணாவதுலருந்துதான்."

அங்கேயும் அதே சங்கதி. முதல் பங்கை ரூபாயில் கட்டாமல் தூக்கத்தில் கட்ட வேண்டும், அவ்வளவுதான். பரவாயில்லை என்று அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே போய்ப் படுத்தேன். குடல்வால் பிரச்சினையாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு உடனே ஒரு கட்டிலும் தந்தார்கள்.

இருமலும் காய்ச்சலும் ஊரெல்லாம் சுற்றுகிற காலம். வார்ட் நிறைந்திருந்தது. என் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டிருந்தவர் சிவலிங்கம் — லுணுகலைப் பக்கத் தோட்டத்துக்காரர், என் வயதுதான். அவருக்கு நெஞ்சுச் சளி. நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டும். அதனால் என் கட்டில் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே கிடந்தார். அவர் இருமினால் என் கட்டில் ஆடும். 'அடுத்த கட்டில் காலியானால் உங்களுக்குத்தான்' என்று நர்ஸ் மிஸ் அவருக்குச் சொல்லியிருந்தார். தலைமாட்டை உயர்த்திவைத்தால் கொஞ்சம் மூச்சு விடலாமாம்.

நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் வார்ட் முழுக்கக் கேள்விகள். ஆஸ்பத்திரிச் செலவை வரியில் கழிக்கலாமா? ஒரு காலத்தில் கொஞ்சம் கழிக்க விட்டார்கள், இப்போது இல்லை. மகளின் டியூஷன் காசு? இல்லை. மாமியாரைப் பார்த்துக்கொள்கிற செலவு? அதற்கு அனுதாபம் மட்டும் உண்டு.

சிவலிங்கமும் கேட்டார். "சார், எங்க சம்பளத்துல ஈ.பி.எஃப். பிடிக்கிறாங்க, சங்கச் சந்தா பிடிக்கிறாங்க, கோயிலுக்குப் பிடிக்கிறாங்க. இதையெல்லாம் வரியில கழிச்சுக்கலாங்களா?"

"உங்க சம்பளத்துக்கு வரியே கிடையாதுங்க."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "பரவால்ல சார். பிடிக்காததுன்னு ஒன்னாவது இருக்கே."

இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு பெரிய ஏப்பம் வந்தது. அதோடு என் குடல்வால் வியாதி முற்றாகக் குணமாகிவிட்டது. பராட்டாதான்.

இப்போது புதிய பீதி. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? இரண்டு இரவும் வீண். இன்னும் ஒரே ஒரு இரவு... ஒரு சின்ன வலி வந்தால் ஆகாதா? நோயைக் கண்டு பயந்து வந்தவன், ஆரோக்கியத்தைக் கண்டு பயந்துபோய்ப் படுத்திருந்தேன்.

காலையில் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருவர் வந்தார். சின்ன வயது, கூர்மையான கண்.

"இப்ப எப்பிடி இருக்கு?"

"இன்னும் கொஞ்சம் வலி இருக்கு டொக்டர்."

"எங்க நோகுது எண்டு காட்டுங்கோ."

காட்டினேன். அவர் அட்டையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "முந்தநாள் வலப்பக்கம் எண்டெல்லோ எழுதியிருக்கு?"

என் கை இடப்பக்கம் இருந்தது. மெதுவாக வலப்பக்கம் நகர்த்தினேன். யாரும் கவனிக்காத மாதிரி நகர்த்தினேன் என்றுதான் நினைப்பு.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல். "ராத்திரியெல்லாம் சார் முனகிக்கிட்டே இருந்தாருங்க டொக்டரம்மா. பாவம், இன்னொரு நாள் இருந்துட்டுப் போகட்டும். நான் கீழேயே இருந்துக்கிறேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கு இருமல் வந்தது. லேசில் நிற்கவில்லை. கட்டிலோடு நானும் ஆடினேன்.

"டொக்டர், வலி போயிருச்சு," என்றேன்.

"எப்ப போனது?"

"இப்பதான்."

டொக்டர் சிரிக்கவில்லை. அட்டையில் ஏதோ எழுதிவிட்டு, "வீட்டுக்கு வெளிக்கிடுங்கோ," என்றார்.

எனக்கு டிஸ்சார்ஜ் துண்டு வெட்டுவதற்குள் விரிப்பை மாற்றி சிவலிங்கத்தை மேலே ஏற்றிவிட்டார்கள். தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்ததும் அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். வாசல் வரை கேட்கிற மூச்சு.

யோகராஜாவுக்கு ஃபோனில் சொன்னேன். அவனால் தாங்க முடியவில்லை. "ஒரே ஒரு ராத்திரிண்ணே. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"கடிக்கலாம்னா வலி இல்லியேடா."

விடைபெறப் போனபோது சிவலிங்கத்திடம் மெல்லக் கேட்டேன். "நான் ராத்திரி நெசமாவே முனகினேனா?"

"எங்க சார்," என்றார். "குறட்டை. கட்டில் காலுல சாஞ்சிருந்த எனக்குத் தெரியாதா? உங்களுக்கு இன்னொரு நாள் தேவைப்படுது போல இருந்துச்சு. அதான் சொன்னேன்."

எதை எதைக் கழிக்கலாம் என்று வாரம்தோறும் என்னைக் கேட்கிறீர்களே... அந்தப் பொய்யை நான் எதில் கழிப்பது?