பெட்டிக்குள் பூட்டப்பட்ட குமாஸ்தா

முள்ளுக்காரர் (1938–2017). பெற்றோர் இட்ட பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது. தெருவும் அலுவலகமும் இட்ட பெயரே நிலைத்தது. பகலில் அவர் பார்த்தது குடிநீர் மீட்டரின் முள்ளை. மாலையில் மாற்றியது கிராமபோனின் முள்ளை. இரண்டையும் பிறர் தொட அவர் அனுமதித்ததில்லை.

குடிநீர் வாரியத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் மீட்டர் கணக்கெடுத்தார். சில வீடுகளில் மீட்டர் சுவரைப் பார்த்தபடி பொருத்தப்பட்டிருக்கும். அதற்கென்றே சட்டைப் பையில் ஒரு சிறு கண்ணாடி வைத்திருந்தார். குனிந்து, கண்ணாடியை மீட்டருக்குப் பின்னால் செலுத்தி, இடவலம் மாறித் தெரியும் எண்களைப் பிழையின்றி எழுதுவார். நிமிரும்போது அதே கண்ணாடி, மாடிப்படிக்கு அடியிலும் பரண் மேலும் என்ன கிடக்கிறது என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடும். அவரிடம் சேர்ந்த இருநூற்றுச் சொச்சம் பழைய இசைத்தட்டுகளில் பெரும்பாலானவை இவ்வாறு கண்டெடுக்கப்பட்டவையே.

1971இல், வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு பெரியவர் பரணிலிருந்த தட்டுகளை அவரிடம் தூக்கிக் கொடுத்தார். நான்கு தட்டுகளில் பதிவான ஒரு நகைச்சுவை நாடகம். கிடைத்தவை ஒன்று, இரண்டு, நான்கு. இரண்டாம் தட்டின் முடிவில், காதலியைப் பார்க்க வந்து பெட்டிக்குள் ஒளிந்துகொண்ட குமாஸ்தாவை, அவளுடைய தந்தை விவரம் அறியாமல் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிடுகிறார். நான்காம் தட்டு தொடங்கும்போது அதே குமாஸ்தா அந்த வீட்டு மாப்பிள்ளையாக அமர்ந்து மாமனாரை அதட்டிக்கொண்டிருக்கிறார். இடையில் நடந்தது என்ன?

முள்ளுக்காரர் மறுநாளே பெரியவரிடம் ஓடினார்.

"மூணாவதா? போன மாசம் பல் பிடுங்கினப்போ டாக்டர் கேட்டாரு, குடுத்துட்டேன்."

அந்தப் பல் வைத்தியர் வேறு யாருமல்லர், முள்ளுக்காரர் மனைவியின் உடன்பிறந்த அண்ணன். அவரும் இசைத்தட்டுப் பித்தர். அவரிடம் போன தட்டின் நடுவில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு உரிந்துபோய், நீல மையில் 3 என்ற எண் மட்டுமே எஞ்சியிருந்தது.

"மச்சான், ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்க, போதும்."

"உங்ககிட்ட இருக்கிற மூணையும் கொண்டாங்க மாப்ளே. சேர்த்தே கேட்போம்."

"கொண்டு வந்தா திரும்பி வருமா?"

"அதே சந்தேகம்தான் எனக்கும்!"

தட்டு, கருவிகள் வைக்கும் அலமாரிக்குள் பூட்டப்பட்டது. முள்ளுக்காரர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, குமாஸ்தா வெளியேறியிருக்கக்கூடிய வழிகளைத் தேதியிட்டு எழுதத் தொடங்கினார். முதல் ஆண்டில் பதினொரு வழிகள் தேறின.

இதற்கிடையே, மனைவி கடைவாய்ப் பல்லுக்காக அண்ணனிடம் சென்று வந்தார். பயம் தெளிவதற்காக அண்ணன் அந்தத் தட்டைத் தங்கைக்குப் போட்டுக் காட்டியிருந்தார். மற்ற மூன்றும் வீட்டில் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவை. ஆக, நான்கையும் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"என்னதான் ஆச்சு அந்தக் குமாஸ்தாவுக்கு?" என்றார் முள்ளுக்காரர்.

"குளியலறைக் குழாய் ஒழுகுதுங்க. முதல்ல அதைப் பாருங்க, சொல்றேன்."

குழாய் சரியானது. பிறகு ஜன்னல் கொக்கி வந்தது. அதன் பிறகு கட்டில் கால். அண்ணனும் தப்பவில்லை. நாடகத்தின் முடிவு தெரியாமல் அவர் தவித்த தவிப்பில், தங்கை அழைத்துவந்த சொந்தக்காரர் அனைவருக்கும் வரிசையில் நிற்காமல் பல் பார்க்கப்பட்டது.

1979இல் முள்ளுக்காரரின் பல்லே அவருக்குத் துரோகம் செய்தது. வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு மச்சானின் நாற்காலியில் சாய்ந்தார்.

"மூணு தட்டையும் குடுக்கிறேன்னு சொல்லுங்க மாப்ளே."

"ஆ… ஆ…"

"இது சம்மதமா, வலியா?"

வைத்தியர் அடுத்த அறையில் மூன்றாம் தட்டைச் சுழலவிட்டு வந்து, பல்லைக் குடையும் கருவியைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு வசனமும் தொடங்கும்போது கருவி கிர்ரென்று முழங்கும். வசனம் முடிந்ததும் ஓயும். முள்ளுக்காரருக்குக் காதில் விழுந்தவை இரண்டே சொற்கள்: குதிரை, திருடன். அன்று மாலை, வீங்கிய கன்னத்தோடு, பெட்டியைத் திருடன் குதிரையில் ஏற்றிச் சென்றான் என்ற நாற்பத்திரண்டாவது வழியை எழுதினார்.

இருவரும் பணி ஓய்வு பெற்ற பிறகே சமாதானம் பிறந்தது. 1997 ஆகஸ்ட் 17, காலை பத்து மணி, முள்ளுக்காரரின் கூடம். ஒருவருடைய தட்டை மற்றவர் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். எனவே ஒரே மேசையில் இரண்டு கிராமபோன்கள். மனைவி ஜன்னலோரம் அமர்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்று ஓடியது. இரண்டு ஓடியது. குமாஸ்தா பெட்டிக்குள் பூட்டப்பட்டார். சாவி கிணற்றில் விழுந்தது. முள்ளுக்காரர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். வைத்தியர் தம்முடைய கிராமபோனின் சாவியை முறுக்கி, முள்ளை இறக்கினார்.

ஒரு ராஜா வந்தார். அவருடைய குதிரை காணாமல் போனது. திருடன் பிடிபட்டான். குமாஸ்தாவும் இல்லை, பெட்டியும் இல்லை. மறுபக்கம் முழுவதும் ராஜா தூக்கம் வராமல் பாடினார்.

சற்று நேரம் முள் வெற்றுப் பள்ளத்தில் உரசிக்கொண்டிருந்தது. பிறகு இரண்டு தலைகளும் ஒருசேர ஜன்னல் பக்கம் திரும்பின.

"அது வேற நாடகம்," என்றார் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அண்ணன் போட்ட அன்னைக்கே."

"இருபத்தாறு வருஷமா ஏன் சொல்லலை?" என்று அண்ணன் கத்தினார்.

"சொல்லியிருந்தா குழாயை யாரு பார்த்திருப்பா அண்ணே? நம்ம சித்திக்கு முப்பத்திரண்டு பல்லும் நீ சும்மாவா கட்டிக் குடுத்திருப்ப?"

"சரி விடு," என்ற முள்ளுக்காரரின் குரல் கெஞ்சலாக இறங்கியது. "அந்தக் குமாஸ்தா எப்படித்தான் வெளியே வந்தான்?"

"எனக்கெப்படிங்க தெரியும்? நானும் உங்களை மாதிரி மூணு தட்டுதானே கேட்டிருக்கேன்!"

முதலில் சிரித்தவர் வைத்தியர். முள்ளுக்காரர் சிரிக்கவில்லை; நாற்பத்திரண்டாவது வழியை அளவுகோல் வைத்து நேராக அடித்துவிட்டு, நாற்பத்து மூன்று என்று எழுதி, எதிரே காலியாக விட்டார்.

உண்மையான மூன்றாம் தட்டு கடைசிவரை கிடைக்கவில்லை. ஆயினும் வழக்கு ஓயவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று முள்ளுக்காரர் மச்சான் வீட்டுக்குச் செல்வார். குதிரையைத் தொலைத்த ராஜாவின் தட்டைக் கேட்பார்.

"மூணாவதைக் குடுங்க மச்சான்."

"முதல்ல உங்க மூணையும் கொண்டாங்க மாப்ளே."

இரண்டு மணி நேரம் வாதாடிவிட்டு வெறுங்கையோடு, உற்சாகமாகத் திரும்புவார். நோட்டுப் புத்தகத்தில் அந்தத் தேதிகள் அனைத்தும் வரிசையாக உள்ளன. மூன்றாம் தட்டை அவர் கடைசியாகக் கேட்டது 2016 நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை.