நான் சொல்லேக்கை விடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. கோப்பாயில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். பேய் கண்டேன் என்று வந்த பிள்ளைகளை வகுப்பு வாங்குப்பலகை மேல் ஏற்றி நிறுத்திய ஆள். இது நடந்ததும் இரவில் இல்லை, சுடலையில் இல்லை, பட்டப்பகலில் ஆஸ்பத்திரியில். நீங்கள் சிரிக்கிறதென்றால் சிரியுங்கள், நான் சொல்வதைச் சொல்லி முடிக்கிறேன்.

என் அண்ணை புத்தூரில் இருந்தவர். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு வயிறு வலிக்கிறது என்றார், எல்லோரும் வாய்வு என்று இஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே வாகனத்தில் முடிந்துவிட்டது. இதயத்திலிருந்து கீழே இறங்கும் பெருநாடி வயிற்றுக்குள் பலூன் மாதிரி வீங்கி வெடித்திருந்தது. கூடப்பிறந்தவர்களுக்கும் இது இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று டொக்டர் சொன்னார். நான் அந்தக் கிழமைக்குள்ளேயே போய்ப் பார்த்தேன். எனக்கும் இருந்தது.

என் கணவருக்குப் பயம். “உந்த வயசிலை உதெல்லாம் ஏனப்பா? சும்மா கிடக்கிறதைக் குழப்பாமல் இருப்பம்” என்றார்.

“சும்மா கிடக்கேல்லை, வீங்கிக்கொண்டு கிடக்குது. அண்ணையைக் கொண்டுபோனது என்னையும் கொண்டுபோக நான் விடமாட்டன்” என்றேன். அதோடு பேச்சு முடிந்தது.

வயிற்றை வெட்டாத வைத்தியம் அது. இரண்டு தொடை இடுக்கிலும் சின்னத் துளை போட்டு, மடித்த குழாய் ஒன்றைக் கம்பியின் மேல் நாடிக்குள்ளாலேயே ஏற்றி, வீங்கின இடத்தில் விரித்துவிடுவார்கள். இரத்தம் புதுக் குழாய்க்குள்ளால் போகும், வீக்கத்தில் அழுத்தம் படாது. எனக்கு மூச்சிழுப்பு வருத்தம் இருந்ததால் முழு மயக்கம் தரவில்லை, இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்க ஊசி போட்டார்கள். குழாயை விரிக்கும் நேரம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். குழாய் ஒரு நூல் மேலே ஏறினாலும் சிறுநீரகத்துக்குப் போகிற நாடி அடைபட்டுவிடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

“அம்மா, இப்ப மூச்சைப் பிடியுங்கோ. நான் சொல்லுமட்டும் விடக்கூடாது.”

பிடித்தேன். கொஞ்ச நேரந்தான், நெஞ்சு அடைத்து இருமல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முடிந்தது கதை, இருமப்போகிறேன் என்று நினைத்தேன். அப்போது என் தலைமாட்டில் ஒரு ஆண்குரல், காதோடு ஒட்டி, “விடாதை பிள்ளை. நான் சொல்லேக்கை விடு.”

நம்பினால் நம்புங்கள், இருமல் அப்படியே அடங்கிவிட்டது. டொக்டர் “சரி” என்கிறார், நான் இன்னும் விடவில்லை. பிறகு அந்தக் குரல் “இப்ப விடு” என்றது. விட்டுவிட்டு, “ஓம் அண்ணை” என்றேன்.

எங்கள் ஊரில் பஸ் ஓட்டுகிறவரும் அண்ணை, மரக்கறி விற்கிறவரும் அண்ணை. அதனால் தாதிப்பிள்ளை நான் தள்ளுவண்டி தள்ளும் பணியாளரைச் சொல்கிறேன் என்று நினைத்து, எல்லாம் முடிந்ததும் அவரையே கூட்டிவந்து விட்டாள். குரல் இவருடையதுதானாக்கும் என்று நானும் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அந்த மனுசன் முழித்தார்.

“அம்மா, நான் உள்ளுக்கே வரேல்லை. கதவடியிலை உங்களை விட்டதோடை சரி.”

“அப்ப என்ரை தலைமாட்டிலை நிண்டது ஆர்?” என்று தாதியைக் கேட்டேன்.

“நான்தானேம்மா நிண்டனான்” என்றாள் அவள்.

மருந்தின் மயக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் வாளி விழுந்தால் நான்தான் மூழ்கி எடுப்பேன். அண்ணை கிணற்றுக்கட்டின் மேல் நின்று “மூச்சைப் பிடி. நான் சொல்லேக்கை விடு” என்பார். நான் தண்ணீருக்குள் இருக்கும் மட்டும் தானும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார். அது நினைவில் வந்திருக்கும், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். மூக்கைப் பொத்தும் கதையை மட்டும் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பிறகு குழாய் சரியாக இருக்கிறதா என்று ஸ்கான் எடுக்கப் போனேன். கைகளைத் தலைக்குமேல் நீட்டிக்கொண்டு தனியே கிடக்கிறேன். படம் எடுக்கும் பொடியன் கண்ணாடிக்கு அந்தப்பக்கம். ஒலிபெருக்கியில் அவன் குரல் வந்தது.

“அம்மா, உவரை வெளியாலை நிக்கச் சொல்லுங்கோ, கதிர் படும்.”

உவர் என்றால் எங்களிடத்தில் கேட்கிறவருக்குப் பக்கத்தில் நிற்பவர்.

“எவரைத் தம்பி?”

“உங்கடை கால்மாட்டிலை மூக்கைப் பொத்திக்கொண்டு நிக்கிறாரே, உவர்தான்.”

தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. “எனக்கு ஒண்டுமில்லை, நீங்கள் போங்கோ அண்ணை” என்று மெல்லச் சொன்னேன்.

“சரி, அவர் போயிட்டார். மூச்சைப் பிடியுங்கோ அம்மா” என்றான் அவன்.

அந்த அறைக்கு ஒரே கதவு. அதற்கு வெளியே கதிரை போட்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள். கதவு திறக்கவேயில்லை என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

குழாய் நன்றாக இருக்கிறது. அடுத்த ஸ்கான் மாசி மாதம். கணவர் வேண்டாம் என்கிறார், நான் போகத்தான் போகிறேன். கால்மாட்டைப் பார்ப்பேனா என்பதுதான் எனக்கே தெரியவில்லை.