எண்ணெய் வாங்காத மாதங்கள்

என் கணவருக்கு நெஞ்சு வலி வந்தது ஒரு திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவர் கட்டிங் செக்ஷன். நான் அங்கேயே தையல் லைனில். வியர்த்துக் கொட்டி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டவரை ஆம்புலன்ஸில் வேலூருக்குக் கொண்டுபோனோம். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு என்று சொல்லி அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். அவருக்கு வயது நாற்பத்து மூன்றுதான்.

அதுவரை ரசித்துச் சாப்பிடுகிற மனிதர். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி, ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் சூடான போண்டா, ராத்திரியில் நெய் ஊற்றிய முட்டை தோசை. உடம்பும் அதற்கேற்ற கனம். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்கென்று இருந்த பெண் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். எண்ணெயையும் உப்பையும் குறைக்க வேண்டும், பொரித்தது வேண்டாம், ஆட்டுக்கறி எப்போதாவது, காய்கறி நிறைய, மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிடலாம், தினமும் நடக்க வேண்டும். நாங்கள் இருவரும் தலையாட்டினோம். அவள் ‘குறைக்க’ என்று சொன்னதெல்லாம் அவர் காதில் ‘நிறுத்த’ என்று விழுந்திருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

வீட்டுக்கு வந்த வாரமே சமையலில் எண்ணெய் கூடாது என்றார். தாளிப்பு போயிற்று. ஓய்வில் இருந்த நாட்களில் செல்போனில் இதயத்தைப் பற்றிய வீடியோக்களாகப் பார்த்தார். ஒருவர் தேங்காய் ஆகாது என்றார், தேங்காய் நின்றது. இன்னொருவர் பாலைத் திட்டினார், பால் நின்றது. அரிசிச் சோறு ஒரு கைப்பிடியாகச் சுருங்கியது. வேகவைத்த சுரைக்காய், ஒரு சப்பாத்தி, மோர்த் தண்ணீர். எட்டாவது படிக்கும் எங்கள் ஒரே பெண்ணுக்குத் தனியாகச் சமைத்துப் பார்த்தேன். அந்த வாசனையே தனக்குப் படபடப்பாக இருக்கிறது என்றார். அதனால் அவளும் நானும் அவர் சாப்பாட்டையே சாப்பிட ஆரம்பித்தோம். மளிகைக் கடைக்காரர் எண்ணெய் வேண்டாமா என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டார்.

முதலில் எல்லோரும் மெச்சினார்கள். தொப்பை கரைந்தது. பெல்ட்டில் அவரே புது ஓட்டை போட்டுக்கொண்டார். வேலைக்குத் திரும்பிய அன்று, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கே என்று தோஸ்துகள் சொன்னார்களாம். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பெல்ட்டில் அடுத்த ஓட்டையும், அதற்கடுத்ததும் விழுந்தபோதுதான் பயம் பிடித்தது. கன்னம் ஒட்டிப்போயிற்று. மாடிப்படியில் பாதியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு முடித்ததும் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்ப்பார். நான் ஏதாவது சொன்னால் ஒரே பதில்தான்: “நீ இன்னா டாக்டரா?”

நெமிலியில் அவருடைய அக்கா பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது. தாய்மாமன் இவர்தான். சீர்த்தட்டைக் கொண்டுபோய் வைத்து, மாலை போட்டு, எல்லாம் குறையில்லாமல் செய்தார். பந்தியில் இலைமுன் உட்கார்ந்தவர் பிரியாணியையும் கத்திரிக்காய்த் தொக்கையும் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, ஓடிவந்து, கறி வேண்டாம், வெறும் தயிர்சாதமாவது ஒரு வாய் வைக்கச் சொன்னாள். அதற்கும் மாட்டேன் என்றுவிட்டார்.

“எம் பொண்ணு விசேஷத்துல தாய்மாமன் கை நனைக்காம போனான்னு ஊரு சொல்லட்டும்,” என்று அண்ணி என்னிடம் சொல்லி அழுதாள். நானும் சாப்பிடாமல்தான் வந்தேன். திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். அழுகிறாரோ என்று தோன்றியது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், கட்டிங் மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்தார். கை உள்ளே இருந்தபோது விழுந்திருந்தால் விரல்கள் போயிருக்கும். லைனில் இருந்த என்னைக் கூப்பிட்டு விட்டார்கள். மறுபடியும் வேலூர். மறுபடியும் அடைப்புதான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்றார் டாக்டர். பிரஷர்தான் மிகவும் இறங்கியிருந்தது. உடம்பு இளைத்து, சாப்பாடும் இல்லாத வயிற்றில் பிரஷர் மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

என்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் என்னைக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல, பட்டினி போட்டது நான்தானோ என்பதுபோல நர்ஸ் என்னைப் பார்த்தாள். அப்போது இவர் வாயைத் திறந்தார்.

“அவ மேல தப்பில்ல சார். சோத்த வாயில வெச்சா அது நேரா குழாய்ல போயி ஒட்டிக்குற மாதிரி இருக்குது. பசிக்குது சார், ரொம்பப் பசிக்குது. ஆனா பசியோட இருந்தாதான் உசுரோட இருப்பேன்னு தோணுது.”

கூடவே படுத்து எழுகிற என்னிடம் அதுவரை அவர் இதைச் சொன்னதில்லை. ஒருமுறை அடைப்பு வந்தவர்களுக்கு இந்தப் பயம் வருவது உண்டு என்றார் டாக்டர். இதயமும் தசைதான், பட்டினி போட்டால் அதுவும் இளைக்கும். அளவாக எண்ணெய், பருப்பு, மீன், முட்டை எல்லாம் உடம்புக்கு வேண்டும் என்றார். மாத்திரையைக் குறைத்தார். மனதைப் பற்றிப் பேச வேறொரு டாக்டரிடம் அனுப்பினார்.

வீட்டுக்கு வரும் வழியில் அரை லிட்டர் எண்ணெய் வாங்கினேன். மறுநாள் ஒரே ஒரு ஸ்பூன் விட்டுத் தாளித்து, சங்கரா மீன் குழம்பு வைத்தேன். சோற்றை நெடுநேரம் பிசைந்துவிட்டுத்தான் முதல் வாய் வைத்தார். எதிரில் உட்கார்ந்து நானும் அதையே சாப்பிட்டேன். விழுங்கிவிட்டு, வழக்கம்போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்படியே வாரங்கள் போயின. அவர் முகத்தில் கொஞ்சம் சதை வந்தது. காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கப் போகிறார். அண்ணியிடம் போனில் பேசிவிட்டார். இன்னும் சில நாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவதுண்டு. அந்த நாட்களில் நான் வற்புறுத்துவதில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம் எங்கள் பெண்ணுக்குத் தோசை வார்த்துப் போட்டேன். ஓரத்தைப் பிய்த்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

“அம்மா, இதுல எவ்ளோ எண்ண ஊத்தன?”

கொஞ்சம்தான் என்றேன். பாதியைத் தள்ளி வைத்தாள். பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டையும் பாதி கொட்டிவிடுகிறாளாம், அப்போதுதான் சொன்னாள். வளர்கிற பெண்ணின் கழுத்தெலும்பு எப்போதிலிருந்து இப்படித் துருத்திக்கொண்டிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. இத்தனை மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு தட்டை.

அவர் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “சாப்டும்மா, ஒண்ணும் ஆவாது,” என்றார். சொல்லும்போது அவர் குரலில் பலமில்லை. அவள் தோசையைத் தொடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் அடுத்த மாவை ஊற்றிவிட்டு, எண்ணெய் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.